மந்திரமும் மன்னன் காவலும்

மணிமேகலையை அற்புதங்கள் மலிந்த நூல் என்று ஒதுக்குவோர் உண்டு. வானில் பறப்பவரும், வேற்றுரு கொள்பவரும், பேசும் தூண்பாவையும், வற்றாத பாத்திரமும் நிறைந்த கதையில் ஆராய்ச்சிக்கு என்ன இடம் இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் யானும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணியிருந்தேன். சிலம்பை விரித்து நடத்துவேன். மேகலையைக் கதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவேன். சாத்தனாருக்கு யான் செய்த அநீதி அது.

அதனை உணர்த்தியவள் பாகான் டத்தோவில் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த ஒரு மாணவி. கதையைச் சொல்லி வரும்போது, மணிமேகலை சிறைப்பட்ட இடத்தில் அவள் எழுந்து, "ஐயா, பறக்கத் தெரிந்தவள் ஏன் சிறையிலேயே இருந்தாள்?" என்று கேட்டாள். யான் ஏதோ ஊழ்வினை என்று கூறி மணி அடிக்கும் வரை சமாளித்தேன். அன்று இரவு உ. வே. சாமிநாதையர் 1898-ஆம் ஆண்டில் பதிப்பித்துத் தந்த அந்நூலை எடுத்து வைத்துக்கொண்டு, அக்கேள்விக்காகவே முப்பது காதைகளையும் மீண்டும் படித்தேன். சாத்தனார் அக்கேள்வியை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார் என்பது என் துணிபு.

முதலில் நூலின் உலகத்தை நோக்குவோம். புகார் நகரில் மந்திரம் உடையாரும் அஃது இல்லாரும் ஒரே தெருவில் நடமாடுகின்றனர். வடதிசை விஞ்சையர் நாட்டிலிருந்து காஞ்சனன் தன் மனைவி காயசண்டிகையோடு வான்வழியே பொதியிலுக்கு வருகிறான். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றை விருச்சிக முனிவர் உண்ணக் கருதி ஆற்றங்கரையில் வைத்துவிட்டு நீராடச் செல்கிறார். காயசண்டிகை அதனைக் காலால் சிதைத்துவிடுகிறாள். முனிவர் சினந்து, அவள் வானில் செல்லும் மந்திரத்தை மறக்கவும், யானைத்தீ என்னும் அடங்காப் பசியால் பன்னிரண்டு ஆண்டு வாடவும் சபிக்கிறார். மந்திரம் பெற்றோரிடமிருந்து மந்திரத்தைப் பறிக்கவும் முடியும் என்பது இங்கே தெரிகிறது. பின்னர் மணிமேகலை அளித்த உணவால் பசி தீர்ந்து, அவள் ஊர் திரும்ப வானில் எழுகிறாள். விந்த மலைக்கு மேலே பறக்கக் கூடாது என்னும் வரம்பை மீறியதால், அம்மலையைக் காக்கும் விந்தாகடிகை அவளை இழுத்து வயிற்றில் இட்டுக்கொள்கிறாள். வானத்திலும் எல்லைக் கற்கள் உண்டு! சாத்தனார் படைத்த மாய உலகம் இவ்வளவு கண்டிப்பான சட்டதிட்டங்கள் உடையது. மனம் போனபடி அற்புதங்களை அள்ளித் தெளித்தார் என்பது பொருந்தாது.

இனி மணிமேகலைக்கு வருவோம். மணிபல்லவத்தில் அவளுக்குத் தெய்வம் மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது: வேற்றுரு எய்துவது ஒன்று, வானில் திரிவது ஒன்று, பசியை ஒழிப்பது ஒன்று. இவற்றுள் முதலாவதற்குத் தெய்வம் காட்டும் காரணம் என் போன்ற ஆசிரியரை நாணச் செய்வது. நீ இளம்பெண், பிற சமயத்து ஆசிரியர்கள் தம் நூற்பொருளை உனக்கு எடுத்துரைக்க மாட்டார், ஆதலால் உருவை மாற்றிக்கொண்டு கேள் என்பதே அது. பின்னர் வஞ்சி நகரில் ஆண் துறவி வடிவில் நின்றே அவள் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். கல்வி கேட்கும் உரிமையைக்கூட ஒரு பெண் மாயத்தால்தான் பெறவேண்டியிருந்தது!

அம்மந்திரம் புகாரில் வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது. சோழன் மகன் உதயகுமரன் அவளைக் கவர வரும்போது, அவள் காயசண்டிகையின் உருவைக் கொள்கிறாள். அவ்வுருவிலேயே அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டம் புகுந்து, அங்கே வாடுவோர்க்கு உணவளிக்கிறாள். காவலர் வியந்து மன்னனிடம் கூற, மன்னன் அழைத்து, நீ யார், உனக்கு யான் செய்யத்தக்கது யாது என்று கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக என்கிறாள். மன்னனும் இசைகிறான். தமிழ் இலக்கியத்தில் அரசனிடம் ஒரு பெண் கேட்ட வரங்களுள் இதனினும் பெரியது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்றை நாம் பெரும்பாலும் கவனியாமல் போகிறோம். நீ யார் என்ற வினாவுக்கு அவள் சொன்ன விடை, யான் விஞ்சை மகள் என்பது. அது பொய். கோவலன் மகள் மணிமேகலையாக நின்று கேட்டிருந்தால் அரசன் செவிசாய்த்திருப்பானா? ஐயமே. கணிகை குலத்தில் பிறந்தவளின் சொல் அரசவை ஏறாது. வானவர் இனத்தாள் ஒருத்தியின் சொல் ஏறும். சீர்திருத்தம் உண்மை, அதனைப் பெற்ற முகம் பொய். பாடநூல்கள் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. யானும் தொட்டதில்லை.

அப்பொய் முகத்துக்கு விலை உடனே கேட்கப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டு முடிந்தது கண்டு காஞ்சனன் மனைவியைத் தேடிப் புகாருக்கு வருகிறான். தன் மனைவியின் உருவில் இருப்பவள் தன்னைப் பொருட்படுத்தாமல் உதயகுமரனிடம் சென்று பேசுவதைக் காண்கிறான். அவள் பேசியது யாக்கை நிலையாமை; அவன் கண்டது வேறு. நள்ளிரவில் அம்பலத்துக்கு வந்த உதயகுமரனை வாளால் எறிந்து கொல்கிறான். பிறகு கந்திற்பாவை உண்மையைச் சொல்ல, விஞ்சையன் வானேறித் தன் ஊருக்குப் போய்விடுகிறான். இறந்தவன் உடல் அம்பலத்தில் கிடக்கிறது. அருகில் மணிமேகலை நிற்கிறாள்.

முனிவர்கள் சென்று நடந்ததை உரைத்தபோது சோழன் கூறும் தீர்ப்பு மிக நுட்பமானது. பெற்ற மகனுக்காக அவன் பரிந்து பேசவில்லை. அவனுக்குத் தண்டனை தகும் என்றே ஒப்புகிறான். ஆனால், யான் செய்ய வேண்டியதைத் தானே செய்த விஞ்சையன் தகுதியற்றவன் என்கிறான். தண்டிக்கும் உரிமை யாருடையது என்பதே இங்கு வழக்கு. பறக்க வல்லான் ஒருவன் அவ்வுரிமையைத் தன் வாளில் எடுத்துக்கொண்டான். அவனைப் பிடிக்க அரசனிடம் ஆள் இல்லை. பிடிபடக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். மகனின் உடலை எரியூட்டுக என்று ஏனாதிக்கு ஆணையிட்ட மன்னன், அவளையும் காவல் செய்க என்றான். காவல் என்னும் சொல் பாதுகாப்பையும் குறிக்கும், சிறையையும் குறிக்கும். சிறைசெய் காதை என்ற தலைப்பு எது பொருந்தும் என்பதைக் காட்டிவிடுகிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான பிறகும் சோழனிடம் ஒரு காவலிடம் மீதம் இருந்திருக்கிறது!

மந்திரம் உடையாரை என்ன செய்வது என்பது எல்லா அரசுகளுக்கும் இருந்த கவலை. யாம் வாழும் பேராக் மாநிலத்திலேயே இதற்கு வேறொரு விடை கண்டிருந்தனர். அரச குலத்தவர் ஒருவரே சுல்தான் மூடா என்னும் பட்டத்தோடு அரசின் தலைமைப் பாவாங்காக விளங்கியதை வின்ஸ்டெட் 1925-இல் வெளியிட்ட நூலில் விளக்குகிறார். வெளியே விட்டால் அஞ்சத்தக்க ஆற்றலை அரண்மனைக்குள் அமர்த்திப் பட்டமும் கட்டிவிடுவது அம்முறை. எங்கள் ஊரருகே கடலில் கலக்கும் பேராக் ஆற்றின் கரையில், மேலே பாசிர் சாலாக்கில், 1875 நவம்பர் 2-ஆம் நாள் ஆங்கிலேய ரெசிடெண்ட் பிர்ச் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அவரை ஒழிக்கப் பாவாங்குகளைக் கொண்டு ஆவிகள் அழைக்கப்பட்டதாகப் பின்னர் நடந்த விசாரணையில் சாட்சியம் கூறப்பட்டது. ஆயினும் பிர்ச் மாண்டது ஈட்டியால். பாவாங் அரசின் கருவியாகிவிட்டால் அரசனுக்கு வேண்டாத வினாவை அவன் எழுப்ப இயலாது. சோழனுக்கு இந்த வழி கிட்டவில்லை. மணிமேகலை அவையில் இடம் கேட்டவள் அல்லள்.

சிறையில் நடந்தவற்றை இப்போது கூர்ந்து பார்க்கவேண்டும். மகனை இழந்த இராசமாதேவி, அவளைத் தன்பால் வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் காவலிலிருந்து அரண்மனைக்கு வருவிக்கிறாள். பித்தேற்றும் மருந்தை ஊட்டுகிறாள்; அறிவு திரியவில்லை. கல்லா இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து அவளைக் கெடுக்க அனுப்புகிறாள். மணிமேகலை ஆண் உருக்கொள்ள, அவன் அஞ்சி ஊரைவிட்டே ஓடுகிறான். நோயுற்றாள் என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் அடைத்து உணவின்றி வாட்டுகிறாள். பசி ஒழிக்கும் மந்திரத்தால் மேனி வாடாது இருக்கிறாள். ஆக, மூன்று மந்திரங்களில் இரண்டு அங்கே பயன்பட்டன. எஞ்சிய ஒன்று, பறக்கும் மந்திரம். உயிருக்கும் மானத்துக்கும் இவ்வளவு இடர் நேர்ந்தும் அதனை மட்டும் அவள் ஓதவே இல்லை.

கந்திற்பாவை வருவதை முன்னமே உரைத்துவிட்டது, ஆதலால் முடிவு அறிந்து பொறுத்திருந்தாள் என்று சிலர் கூறலாம். முடிவு அறிந்தவள் அஞ்சாமல் இருந்ததற்கு அது காரணமாகலாம். போகாமல் இருந்ததற்கு ஆகாது. உண்மைக் காரணம் அடுத்த காதையில் அவள் வாயிலிருந்தே வருகிறது. தேவி மனம் மாறி வணங்கி, விடுதலையும் கிடைத்த பின்னர், இந்நகரில் யான் இருந்தால் மன்னன் மகனுக்குக் கூற்றமாக வந்தவள் இவள் என்பார்கள் என்கிறாள். அவள் உள்ளத்தில் இருந்தது அந்தக் கொலை. வாளை எடுத்தவன் காஞ்சனன். அவனை மயக்கிய உருவம் அவள் ஓதிய மந்திரத்தின் விளைவு. அதற்கு ஊர் முன் நிற்காமல் பறந்து போயிருந்தால் அவளுக்கும் காஞ்சனனுக்கும் என்ன வேறுபாடு? தன்னைக் காக்க இரண்டு மந்திரங்களை ஓதினாள். சட்டத்திலிருந்து தப்பிக்க மூன்றாவதை ஓத மறுத்தாள். விடுதலை பெற்ற பிறகே வானேறுகிறாள். இந்த வரிசையைச் சாத்தனார் தற்செயலாக அமைத்தார் என்று யான் நம்பவில்லை.

இதற்குப் பௌத்த மரபிலும் துணை உண்டு. இராசகிருகத்து வணிகன் ஒருவன் சந்தனப் பாத்திரம் ஒன்றை மூங்கில் உச்சியில் கட்டி, சித்தி உடையார் எடுத்துக்கொள்க என்றான். பிண்டோல பாரத்துவாசர் என்னும் பிக்கு வானில் எழுந்து அதனை எடுத்து நகரை வலம் வந்தார். புத்தர் அவரைக் கடிந்து, இல்லறத்தார் முன் சித்தி காட்டலாகாது என்று விதித்து, அப்பாத்திரத்தைப் பொடியாக்கச் செய்தார் என்கிறது விநயபிடகம். மணிமேகலை அப்போது முறையாகத் துறவு பூணவில்லை, ஆதலால் அவ்விதி அவளைக் கட்டாது. எனினும் சாத்தனார் அவள் கையில் வேறொரு பாத்திரத்தைக் கொடுத்திருப்பதை அன்பர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வானேறியவள் முதலில் செல்வது சாவகம். அது ஜாவா என்பர். இக்கடல் சூழ்ந்த தீவுகளைப் பொதுவாகக் குறித்தது என்பாரும் உளர். அங்கே நாகபுரத்தில் ஆளும் புண்ணியராசன் முற்பிறப்பில் ஆபுத்திரன். அமுதசுரபி அவன் கையில் இருந்த பாத்திரமே. தன் பழம்பிறப்பை அறிந்து அரசைத் துறக்கத் துணிகிறான் அவன். ஆட்சியை எனக்குத் தா என்று அவள் கேட்டிருக்கலாம். என்னோடு துறவுக்கு வா என்றும் அழைத்திருக்கலாம். அவளோ, உன் நாடு உனக்காக அழும், திரும்பிப் போ என்கிறாள். உயிர்களுக்கு உணவும் உடையும் இருப்பிடமும் அளிப்பதே அறம் என்று அரசனுக்கு உரிய வேலையை அவனிடமே விட்டுவிடுகிறாள். பாத்திரம் பசியைத் தீர்க்கும். உடைக்கும் இருப்பிடத்துக்கும் அரசு வேண்டும்.

சாவகத்து மன்னனை அனுப்பிவிட்டு வஞ்சி சென்றபோது, பத்தினிக் கோட்டத்தில் கண்ணகியின் படிமத்தைத் தொழுகிறாள். அத்தாய் சொல்லும் சொல் சிலம்பைப் படித்தவரைத் திடுக்கிட வைப்பது. சினம் பொறாது மதுரையை எரித்தேன். இப்போது வானவர் இன்பம் நுகர்கிறேன். ஆயினும் அத்தீவினையின் பயன் பின்னர் என்னை வந்தடையும் என்கிறாள். நீதி கேட்டவள்தான், அரசன் பிழைத்ததும் உண்மைதான். இருந்தும் நகரை எரித்த கணக்கு அவள் பெயரில் எழுதப்பட்டுள்ளது. இரட்டைக் காப்பியங்களின் இரு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தி, ஆற்றலைக் கொண்டு நகரை அழித்தவளின் வாயாலேயே, சிறையில் பொறுத்திருந்தவளிடம் இதனைச் சொல்லச் செய்த சாத்தனாரைக் கதை கட்டத் தெரியாதவர் என்று இனி யான் சொல்லமாட்டேன்.

இவ்வளவையும் அடுத்த வாரம் வகுப்பில் எளிமையாகச் சொன்னேன். அம்மாணவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவள் இருந்தது சரி ஐயா, காஞ்சனனை யார் பிடித்தார்கள்?" என்றாள். யாரும் பிடிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.