டிரைப்பின் தஞ்சை நெடும்படம்: ஓர் ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிழற்படக் கலையை ஆராய்ந்தோர், ‘பனோரமா’ எனப்படும் நெடும்படத்தைப் பெரும்பாலும் நகரக் காட்சியாகவே கருதினர். உயர்ந்ததோர் இடத்தில் கருவியை நிறுத்திச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி, நகர் முழுவதையும் ஒரே நோக்கில் காட்டுதல் அதன் இயல்பு. பியாட்டோ 1858-இல் தில்லி ஜும்மா மசூதியின் மேலிருந்து எடுத்ததும், பேலிஸ் 1875-இல் சிட்னி நகரை 23 தகடுகளில் எடுத்ததும், மைபிரிட்ஜ் 1878-இல் சான் பிரான்சிஸ்கோவை 13 தகடுகளில் எடுத்ததும் இவ்வகையின. வென்ற நகரைக் காட்டுதலும் வளர்ந்த நகரை விளம்பரப்படுத்துதலுமே இவற்றின் பயனாயின.

இவ்வரிசையில் அடங்காத நெடும்படம் ஒன்று தஞ்சையில் தோன்றியது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பெற்ற படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப், 1858-இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்தோடும் கல்வெட்டை 21 தாள்களில் எடுத்து ஒன்றாக இணைத்தார். இணைந்த நீளம் ஏறத்தாழ 19 அடி. இங்கே கருவி நின்ற இடத்தில் நின்று திரும்பவில்லை; சுவரையொட்டி நடந்தது. பியாட்டோவின் படம் பார்த்தற்குரியது. டிரைப்பின் படம் படித்தற்குரியது. இவ்வேறுபாட்டைக் கருதாது இரண்டையும் ஓரினமாக வைத்தல் பொருந்தாது.

சம்பந்தர் பாடல்பெற்ற இரும்பை மாகாளம் போன்ற சிறு தளிகளை வலம்வருவோர் விரைவில் தொடங்கிய இடத்திற்கு மீள்வர். தஞ்சையிலோ, வரியின் முடிவை எட்டுமுன் அதன் தொடக்கம் கண்ணுக்கு மறைந்துவிடும். நடந்தே படிக்கவேண்டிய நூல் அது. தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை விமானத்திலே கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அவ்வாணையால் கோயிற்சுவரே கணக்கேடாயிற்று. வலமாகச் சுற்றிய அவ்வேட்டை நேர்கோடாக விரித்ததே டிரைப்பின் செயல்.

இதனைத் தஞ்சைக் கல்வெட்டின் முதற்பதிப்பு எனலாமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. படித்தறிந்து, ஐயுற்ற இடத்தை ஐயம் எனக் குறித்து வெளியிடுவதே பதிப்பு. அப்பணியை ஹுல்ஷ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்’ இரண்டாந் தொகுதியில் 1891 முதல் நிறைவேற்றினார். டிரைப் தந்தது படி. ஏட்டுச்சுவடியை ஒத்த படி. அதற்கும் குறை உண்டு. அவர் கையாண்டது மெழுகூட்டிய தாள்முறை. தாளை முன்னரே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாமாதலின் வெப்பநாட்டில் வழிச்செல்வோர்க்கு அது ஏற்றது. ஆயினும் தாளின் நாரிழை நுண்கோட்டை மழுக்கும். கண்ணாடித் தகட்டின் கூர்மை அதற்கில்லை. புள்ளியிடாது வெட்டும் பழங்கல்வெட்டில், தெளிவான கல்லிலேயே மெய்யா உயிர்மெய்யா என மயங்க வேண்டியிருக்க, மங்கிய படத்தை மட்டும் நம்பிப் பாடம் துணிதல் தகாது.

எனினும் அச்சுப்பதிப்பு தர இயலாத ஒன்றை இப்படம் தருகின்றது. அச்சில் எழுத்து எஞ்சும்; இடம் மறையும். எவ்வரி எக்கல்லில் முறிகிறது, பொருத்துவாயைக் கடந்து சொல் எவ்வாறு தொடர்கிறது என்பவற்றை வரியெண் உணர்த்தாது. மைப்படியும் துண்டு துண்டாகவே எடுக்கப்படுவது. மேலும், 1858-இல் அக்கல் இருந்த நிலைக்கு இப்படம் சான்று. பின்னர்ச் சிதைந்த எழுத்து உண்டாயின் அதனை அறிய இதுவே துணை.

இப்பணி தொடரவில்லை. நிழற்படம் மிகுசெலவினது எனக் கருதிய ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் டிரைப்பின் நிலையம் மூடப்பட்டது. அரசு சிக்கனத்தை எண்ணியது. மாகாணத்தின் ஏனைய கோயிற்சுவர்கள் இவ்வாறு விரிக்கப்படும் வாய்ப்பை இழந்தன. பின்வந்த வணிக நிலையங்கள் கோபுரத்தையும் கடற்கரையையும் எடுத்து விற்றன. கல்வெட்டை வாங்குவார் இல்லை.

நிழற்பட வரலாற்றாரிடம் மட்டும் இந்நெடும்படத்தை விட்டுவைத்தது தமிழாராய்ச்சியின் குறையேயாகும். ஹுல்ஷின் பாடத்தை ஒருபுறமும் டிரைப்பின் 21 தாள்களை மறுபுறமும் வைத்து, கல் கல்லாக ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைச் சுவரிலேயே சென்று நோக்குதல் வேண்டும். அடித்தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தொடங்கலாம்.