தடையும் நடையும்

விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என்று ஆசிரிய நண்பர் சிலர் ஐயுறக்கூடும். தொல்காப்பியனார் ஐயுறவில்லை. மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் களங்களை எண்ணுமிடத்துச் செல்வத்தோடும் அறிவோடும் விளையாட்டையும் ஒருங்கு வைத்தார். நம் மாணாக்கர் நாள்தோறும் பொழுது மறந்து ஈடுபடும் ஒன்றை நாம் ஆராயாது விடுதல் முறையன்று.

ஈண்டு ஆராயப் புகுவது ‘ஒபி’ என்னும் கணினி ஆட்டம். தடை எனப் பொருள்படும் ‘ஒப்ஸ்டகல்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி வழங்கும் பெயர் அது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ரோப்லாக்ஸ் ஒரு தனி விளையாட்டன்று; பயனர் தாமே ஆட்டங்களைப் புனைந்து பிறர் ஆடுமாறு வெளியிடும் களம். அங்குச் செழித்து வளர்ந்த வகைகளுள் ஒன்று ஒபி. வெளியில் மிதக்கும் கட்டைகள், தொட்டால் வீழ்த்தும் பரப்பு, கால் வைத்த சில நொடியில் மறையும் படி, சுழலும் உருளை முதலியவற்றைத் தாவிக் கடந்து முடிவை எட்ட வேண்டும். இடையிடையே அமைந்த நிலைகளை அடைந்தவர், பின்னர் வீழ்ந்தாலும் அங்கிருந்து தொடரலாம். ‘ஒபி கிரியேட்டர்’ என்னும் ஆட்டமோ, நிரல் எழுத அறியாத சிறுவரும் கட்டைகளை எடுத்தடுக்கித் தமக்கென ஒரு தடைவழி வகுத்து வெளியிட இடந்தருகிறது. ஆடுவோரையே ஆக்குவோராக உயர்த்தும் இப்பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்பண்பு நமக்குப் புதிதுமன்று. லயத்து வாசலில் கரிக்கட்டியாலும், கோயில் திடலில் குச்சியாலும் கோடிழுத்து ஆடிய பாண்டியை நினைவுகூர்க. சில்லை எறிந்து, நொண்டியடித்து, எல்லாக் கட்டங்களையும் கடந்தவர் ஒரு கட்டத்தைத் தமதாக்கிக்கொள்வார். அதன்பின் அதில் பிறர் கால் வைத்தல் கூடாது. தாண்டியே செல்லல் வேண்டும். ஆட்டம் வளர வளரத் தடையும் வளரும். அத்தடையை வைப்பவரும் ஆடுவோரே. ஆயினும் அங்கு இரண்டு காவல்கள் இருந்தன. கோடு இழுத்தவர் அதே கோட்டில் தாமும் நொண்டியடித்தாக வேண்டும் என்பது ஒன்று. பிறர் இடறுவதை அவர் அருகில் நின்று காண்பார் என்பது மற்றொன்று. கட்டம் அளவுக்கு மீறி அகன்றால் அங்கேயே வழக்கு எழும். கோடு அழித்து மீண்டும் இழுக்கப்படும். மிகச் சிறிய தம்பி தங்கையரை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு விதியைத் தளர்த்துவதும் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய திடல்கள் அருகிவிட்டன. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தின் பெயர் பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சிய இடங்களும் உள. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகளும் இன்றில்லை. அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்கு ஒபியே பாண்டி. ஆதலின் அஃது எவ்வாறு வகுக்கப்படுகிறது என்பது சிறு செய்தியன்று.

பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தனை வகுத்தார். அவற்றுள் நான்கை மட்டும் உரைகல்லாகக் கொண்டு ஒபிகளை நோக்கினேன். முதலாவது மயங்க வைத்தல். செல்ல வேண்டிய வழி இதுவென்று காட்டாமல், கண்ணுக்குப் புலனாகாத கட்டையை வைத்து வீழ்த்துவது இவ்வகை. அங்கு வீழ்பவன் திறமை இன்மையால் வீழவில்லை. செய்தி இன்மையால் வீழ்கிறான். இரண்டாவது கூறியது கூறல். நூறு கட்டங்கள் உள என்று முழங்கிய ஒபியில், நிறம் மாறிய ஒரே தாவலை நூறு முறை தாவுகிறோம். மூன்றாவது சென்று தேய்ந்து இறுதல். முகப்பில் கோபுரமும் ஒளியும் அமைத்தவர், முடிவை நெருங்குங்கால் சலிப்புற்று வெறுங்கட்டைகளை நிறுத்திவிட்டுப் போயிருப்பார்.

நான்காவதாகிய நின்று பயன் இன்மையே இவற்றுள் கொடிது. பல ஒபிகளில், கடக்க இயலாத கட்டத்தை ரோபக்ஸ் என்னும் அவர்தம் நாணயம் கொடுத்துத் தாண்டிப் போகலாம். அந்நாணயமோ நம் ரிங்கிட்டால் வாங்கப்படுவது. இவ்விற்பனை நுழைந்தபின், வகுப்பவருக்குத் தடை கடினமாய் இருப்பதில் ஊதியம் உண்டு. அது நேர்மையாய் இருப்பதில் ஊதியம் இல்லை. முயன்றால் கடக்கலாம் என்று கற்பிக்க வேண்டிய தடை, பணம் இருந்தால் கடக்கலாம் என்று கற்பிக்கிறது. பணமில்லாத பிள்ளை அதனினும் கசப்பான பாடத்தைக் கற்கிறான்.

கடுமையே குற்றம் என்று நான் கூறினேனல்லேன். 2018இல் ரோப்லாக்ஸில் வெளிவந்த ‘டவர் ஆஃப் ஹெல்’ என்னும் ஆட்டத்தில் இடைநிலைகளே இல்லை. வீழ்ந்தவர் கோபுரத்தின் அடியிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். எனினும் அக்கடுமை ஒளிவுமறைவின்றி நிற்கிறது. இடைநிலை இல்லை என்பதை அறிந்தே ஏறுகிறோம். ஏமாற்றுவது வேறு, அறைகூவுவது வேறு.

இனித் திருத்தம் கூறுவேன். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 2015இல் ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதுவும் தடைவழிகளை ஆடுவோரே அமைக்கும் ஆட்டம். அதில் ஒரு நல்ல விதி இருந்தது: வழியை வகுத்தவர் தாமே அதனை முடித்துக் காட்டினாலன்றிப் பிறருக்கு வெளியிட இயலாதிருந்தது. பிறர் மாண்ட இடங்களும் குறியிட்டுக் காட்டப்பெற்றன. பாண்டியின் இரண்டு காவல்களும் அங்குப் பொறியின் வடிவில் நின்றதைக் காண்க. ஒபி அமைக்கும் ஆட்டங்கள் அனைத்தும் இவ்விரண்டையும் விதியாகக் கொள்ளுதல் வேண்டும். மூன்றாவதாக, தாண்டிச் செல்லும் உரிமை விற்கப்படலாகாது. ஒருவன் ஓரிடத்தில் பன்முறை வீழ்ந்தால், அவனுக்கு எளிய கிளைவழி ஒன்று தானே திறக்கட்டும். ஒப்புக்குச் சப்பாணிக்கு நம் முன்னோர் காசு கேட்டதில்லை.

வகுத்தவரே ஓடிக்காட்டினால் போதாதோ, பிறர் வீழ்ந்த இடத்தை அவர் காண்பது எதற்கு எனின், போதாது என்பதே என் விடை. வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர் எவரும் இதனை உணர்வர். தாம் எழுதிய வினாவுக்கு விடை தமக்குத் தெரியும்; அதனாலேயே வினாவின் தெளிவின்மை தமக்குத் தெரிவதில்லை. தான் ஓடிப் பார்த்தல், கடக்க இயலும் என்பதற்குச் சான்று. பிறர் ஓடக் காணுதலே, வழி முறையாய் அமைந்தது என்பதற்குச் சான்று.

எங்கள் பள்ளித் திடலில் பழைய டயர், கயிறு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைக் கொண்டு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை ஒரு தடைவழி வகுக்கச் செய்தேன். அவன் அதை மும்முறை ஓடிக் காட்டினான்; சிறு தவறும் இல்லை. பின்னர் மூன்றாம் ஆண்டில் பயிலும் அவன் தங்கையை ஓடவிட்டு, நீ வாய் திறத்தல் கூடாது என்று அவனை நிறுத்தினேன். கயிற்றுக்கு மேலே தாண்டுவதா, கீழே நுழைவதா என்று அறியாமல் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான். முதலில் அவள்மேல் சினந்தான், சிறிது பொறுத்து, “ஐயா, அவளுக்கு வழி தெரியல. நான்தான் காட்டாம விட்டுட்டேன்” என்றான். கயிற்றைத் தாழ்த்திக் கட்டி, அதன் முன்னே சிரட்டைகளை அம்புக்குறிபோல் அடுக்கினான். தடை அகன்றிலது, வழி விளங்கிற்று. மறுமுறை தங்கை தயங்காமல் தாண்டினாள்.

அன்று அவன் கற்றது விளையாட்டு மட்டுமன்று. தன் நெஞ்சில் உள்ளது பிறர் கண்ணில் இல்லை என்பதை ஒருவன் உணர்வதே கட்டுரைக்கும் நிரலுக்கும் முதற்பாடம். நான்காம் ஆண்டு முதல் கற்பிக்கப்பெறும் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தில் நிரலாக்கத்துக்கும் இடம் உண்டு. அதனைக் கற்பிப்போர் இவ்வாட்டத்தைத் துணையாகக் கொள்ளலாம்.

ஆட்டத்தை ஆக்கும் நிறுவனங்கள் நம் சொல்லைக் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பள்ளி விளையாட்டு நாளில் தடையோட்டத்தின் வழியை ஆசிரியர் வகுக்காமல் ஆறாம் ஆண்டு மாணவரிடம் விடுக. முதலில் அவர்களே ஓடட்டும். பின்னர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓடுவதை வாய் பேசாது நின்று பார்த்து, வேண்டுவன திருத்தட்டும்.