திறந்த பேரலும் திறக்காத பேரலும்: மசகு எண்ணெய்ச் சேமிப்பு முறைகள் குறித்த மதிப்பீடு

தொழிற்சாலைகளில் மசகு எண்ணெயும் கிரீஸும் கெடாமலிருக்க மூன்று ஏற்பாடுகள் பரவலாகக் கைக்கொள்ளப்படுகின்றன: கோடவுனில் இடமில்லாதபோது பேரல்களை வெளியில் படுக்க வைப்பது, முதலில் வந்ததை முதலில் எடுப்பது, சீல் பிரிக்காத சரக்கைச் சுத்தமானது என்று நம்பி நேராக எந்திரத்தில் ஊற்றுவது. முதல் இரண்டும் பயனுள்ளவை. மூன்றாவது பாதி உண்மை. மூன்றுமே திறக்காத பேரலைப் பற்றியவை. எண்ணெய் பெரும்பாலும் மாசுபடுவதோ பேரலைத் திறந்த பிறகுதான்.

210 லிட்டர் பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல் விளிம்புக்குள் மழைநீர் தேங்கி மூடிகளைச் சூழ்ந்து நிற்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் எண்ணெயும் காற்றும் விரிய, கொஞ்சம் காற்று மூடியின் மரை வழியே வெளியேறும். இரவில் சூடு தணிந்து சுருங்கும்போது தேங்கிய நீர் அதே வழியாக உள்ளே இழுக்கப்படும். ஒரு நாளில் போவது சில துளிகள்தான். ஆனால் 210 மில்லி நீர், அதாவது ஒரு டம்ளர், சேர்ந்தாலே அது 0.1 சதவீதம். தெளிந்த டர்பைன் எண்ணெய் கலங்கிப்போக அது போதும்; எண்ணெயில் கலந்துள்ள சில வேதிச் சேர்மானங்களும் நீர் பட்டால் சிதையும்.

பேரலைப் படுக்க வைத்து, இரு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலையில் இருக்கும்படி திருப்பினால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும். நீர் தேங்க இடமிருக்காது. மூடிகள் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வாஷர் காயாது, காற்றும் உள்ளே புகாது. கூடுதல் செலவும் இல்லை. குறைகளும் உண்டு. வாஷர் பழுதானால் எண்ணெய் கசியும். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள பேரலைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் ஆபத்தான வேலை. வெயில் சூட்டை இந்த முறை குறைப்பதில்லை. லேபிள் வெளுத்து, உள்ளே இருப்பது எந்த எண்ணெய் என்றே தெரியாமல் போகவும் கூடும். ஆகவே இது இடமில்லாதபோது செய்யும் மாற்று ஏற்பாடு, கூரைக்கு ஈடாகாது.

கிரீஸுக்கு இந்த முறை அறவே பொருந்தாது. கிரீஸ் என்பது கெட்டிப்பொருளுக்குள் தங்கியிருக்கும் எண்ணெய். சூட்டிலும் நாள்பட்ட இருப்பிலும் எண்ணெய் மெல்லப் பிரிந்து வெளிவரும். படுத்த பேரலில் அது மூடியோரமாகக் கசியும். நிமிர்த்தி, நிழலில் வைப்பதே முறை. நடுவில் தோண்டி எடுத்துக் குழியை அப்படியே விட்டால் எண்ணெய் அங்கே ஊறித் தேங்கும். எடுத்தபின் மேற்பரப்பைச் சமப்படுத்துவது ஒரு நிமிட வேலை. பல இடங்களில் அதுவே விட்டுப்போகிறது.

முதலில் வந்ததை முதலில் எடுக்கும் முறை எளியது. ஸ்டோர்ஸ் பதிவேடு ஒன்றே போதும், சரக்கு மூலையில் முடங்காது. ஆனால் அது பார்ப்பது வந்த தேதியை. விற்பனையாளரிடம் ஓராண்டு கிடந்த பேரல் இன்று வந்தால், நேற்று வந்த புதுச் சரக்கு முதலில் போய்விடும். தயாரிப்புத் தேதியை வைத்து எடுப்பதே சரி. அதுவும் முழு விடையன்று. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. தகரக் கூரையின் கீழ் தகித்த பேரலும் குளிர்ந்த அறையில் இருந்த பேரலும் ஒரே தேதியில் தயாரானவையாக இருந்தாலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

சீல் பிரிக்காத எண்ணெய் சுத்தமானது என்ற நம்பிக்கை அடுத்தது. ஐஎஸ்ஓ 4406 தரநிலை, ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரான் அளவுகளுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதை மூன்று எண்களால் குறிக்கிறது. எண் ஒன்று கூடினால் துகள் வரம்பு இரட்டிக்கும். சர்வோ வால்வுள்ள ஹைட்ராலிக் எந்திரங்கள் கேட்கும் அளவுக்குப் புது எண்ணெய் பல நேரம் தூய்மையாக இருப்பதில்லை. வடிகட்டி வழியே ஏற்றுவதே பாதுகாப்பு.

பேரலைத் திறந்தபின் கவனம் தளர்ந்துவிடுகிறது. மூடாத புனல், எல்லா எண்ணெய்க்கும் ஒரே கேன், துடைக்கும் பருத்தி வேஸ்ட்டின் நூலிழை, சில சேர்மானங்களோடு வினைபுரியும் துத்தநாகப் பூச்சு வாளி என மாசு பல வழிகளில் நுழைகிறது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு கிரீஸ்கள் ஒரே கிரீஸ் கன்னில் கலந்தால் கலவை இளகி பேரிங்கிலிருந்து வழியக்கூடும். மூடிய கேன், நிற அடையாளம், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொருத்திய காற்றுவழி ஆகியவை இதைத் தடுக்கும். பேரல் காலியாகப் பல மாதம் ஆகும் சிறிய பட்டறைக்கு, லிட்டர் விலை கூடினாலும் சிறு வாளிகளாக வாங்குவதே கட்டுப்படியாகும்.

மொத்தத்தில், வழக்கிலுள்ள முறைகளைக் கைவிடத் தேவையில்லை. படுக்க வைப்பதைத் தற்காலிகத்துக்கும் எண்ணெய்க்கும் மட்டும் என்று வரையறுத்து, வந்த தேதிக்குப் பதில் தயாரிப்புத் தேதியைப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். மிச்சமுள்ள பணத்தையும் கவனத்தையும் பேரலுக்கும் எந்திரத்துக்கும் இடையிலான வழியில் செலவிடுவதே கூடுதல் பலன் தரும்.