ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் – ஒரு திறனாய்வு

அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் முறை சீர்பட வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. பாடநூல்கள் மாறுகின்றன. படங்கள் வண்ணம் பெறுகின்றன. பாடத்தின் அளவும் ஏறுகிறது. ஆனால் பெரும்பாலான வகுப்பறைகளில் நடப்பது மட்டும் மாறுவதில்லை. ஆசிரியர் வாசிக்கிறார், மாணவர் அடிக்கோடிடுகிறார், அடிக்கோடிட்டது தேர்வில் வருகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியேற நம் நாட்டில் நடந்த முயற்சிகளுள் தலையாயது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். 1972இல் தொடங்கிய இத்திட்டம், முப்பது ஆண்டுகள் நடந்து 2002இல் அம்மாநில அரசால் நிறுத்தப்பட்டது. இதை வானளாவப் புகழ்வோர் உண்டு. வீண் வேலை என்று ஒதுக்குவோரும் உண்டு. அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தால் நமக்குப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கிறது.

திட்டம் பிறந்த கதை

இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத், நர்மதை ஆற்றங்கரையில் உள்ள வேளாண்மை மாவட்டம். அங்கு கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் அரசின் இசைவைப் பெற்று, 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலைப் புது முறையில் கற்பிக்கத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. அந்த நிலையத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கிராமத்துப் பள்ளிகளுக்கு வந்து ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து பரிசோதனைகளை அமைத்தனர். 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் இப்பணியைத் தொடர்வதற்கென்றே ஏகலவ்யா என்ற நிறுவனம் தோன்றியது.

‘பால வைஞானிக்’ என்ற அதன் பாடநூலைப் புரட்டினால் முதலில் ஒரு வியப்பு காத்திருக்கும். அதில் விளக்கங்களைவிட வினாக்களே மிகுதி. ‘இதைச் செய், கண்டதைக் குறித்துக்கொள், உன் குழுவில் உள்ளவர்களுக்குக் கிடைத்ததோடு ஒப்பிடு, ஏன் வேறுபடுகிறது?’ என்ற போக்கில் பாடங்கள் செல்கின்றன. குழந்தைகள் நால்வர் நால்வராக அமர்ந்து, விலை குறைந்த கருவிப்பெட்டியைக் கொண்டு சோதனை செய்தனர். வயலுக்கும் ஓடைக்கும் சென்று பயிர்களையும் பூச்சிகளையும் நோக்கினர். எங்கும் விடை கிடைக்காத கேள்விகளைச் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்கு அஞ்சலில் எழுதி அனுப்பினர். அவர் பெயரால் பதிலும் வந்தது.

தேர்வை மாற்றிய துணிவு

பரிசோதனை வழியே கற்பிக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. ஒவ்வொரு கல்விக் குழுவும் அதைத்தான் சொல்லிவந்துள்ளது. ஹோஷங்காபாத் திட்டத்தின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அது தேர்வை மாற்றியது. மாணவர்கள் பாடநூலையும் குறிப்பேட்டையும் தேர்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லலாம். அதோடு, கருவிகளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லும் செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் கையில் இருக்கும்போது, புத்தகத்தில் இருப்பதை அப்படியே கேட்பதில் பொருளில்லை. ஆகவே வினா தயாரிப்பவரும் சிந்தித்தே தீர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இத்தகைய தேர்வுக்கு ஏற்ற வினா ஒன்றை நாமே அமைத்துப் பார்ப்போம். ‘மின்கலன்கள், டார்ச் பல்பு, கம்பி ஆகியவற்றைக் கொண்ட சுற்றில் உப்புநீர் இருக்கிறது. பல்பு எரியவில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று முடிவு செய்யலாமா?’ மனப்பாடம் செய்தவர் திகைப்பார். சுற்று அமைத்துப் பழகியவர், பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கை மாட்டிப் பார்க்கலாம் என்பார். டார்ச் பல்பு ஒளிர நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும், எல்.இ.டி.க்குச் சில மில்லி ஆம்பியரே போதும். பல்பு எரியாததால் தெரிவது மின்னோட்டம் போதவில்லை என்பது மட்டுமே. மின்னோட்டமே இல்லை என்று அதனால் சொல்லிவிட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்த பிள்ளை, கருவி என்றால் என்ன, சான்று என்றால் என்ன என்பதை உணர்ந்துவிட்டது.

இதன் அருமை கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர்களுக்கு நன்கு புரியும். முதலாண்டு மாணவர்களுக்குத் தனி ஊசல் சோதனை வைப்போம். ஊசலின் நீளம் 1 மீட்டர் என்றால், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.1 விநாடி ஆகும். கடிகாரத்தை நிறுத்துவதில் அரை விநாடி தாமதித்து 40.6 என்று குறித்தால், புவியீர்ப்பு முடுக்கம் 9.58 என்று வரும். இது நேர்மையான விடை. கைத்தாமதம் எவ்வளவு பிழையைத் தரும் என்பதைக் காட்டும் விடை. ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்து அதே அரை விநாடி பிழைத்திருந்தால் விடை 6.3 என்று சரிந்திருக்கும். இருபது அலைவுகள் எடுப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் நான் காணும் குறிப்பேடுகளில் 9.58 இருப்பதில்லை; அழித்து எழுதிய 9.8தான் இருக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நேரத்தை நிரப்புகிறார்கள். குற்றம் மாணவரைச் சார்ந்ததன்று; பன்னிரண்டு ஆண்டுகளாக ‘சரியான’ விடைக்கு மட்டுமே மதிப்பெண் தந்து பழக்கிய முறையைச் சார்ந்தது. ஹோஷங்காபாத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஒரே பொருளைப் பலர் அளந்தால் விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்று விவாதித்தனர். தற்செயலும் நிகழ்தகவும் அவர்களுக்கு ஒரு தனிப் பாடமாகவே இருந்தன.

திட்டத்தின் குறைகள்

இவ்வளவு சிறப்பிருந்தும் குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றை மறைப்பது திட்டத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது.

முதலாவது, கண்டறிந்து கற்றல் என்ற கொள்கையை எல்லை கடந்து பற்றிக்கொண்டது. கையால் செய்து காண முடிந்தவற்றுக்கே நூலில் முதலிடம். அணு, மூலக்கூறு போன்ற காண இயலாத கருத்துகளுக்கு மிகக் குறைந்த இடமே கிடைத்தது. ஆனால் அறிவியலின் பாதி வலிமை காணாதவற்றைக் கருதிப் பார்ப்பதில்தான் உள்ளது. டால்டனின் அணுக்கொள்கையை எந்தக் குழந்தையும் கருவிப்பெட்டியிலிருந்து தானாகக் கண்டுபிடித்துவிட முடியாது. அதை ஒருவர் சொல்லித்தான் தர வேண்டும். நன்றாகச் சொல்லித் தருவதும் கற்பித்தலே.

இரண்டாவது, திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதாம் வகுப்பில் பழைய பாடநூல், பழைய தேர்வு. மூன்றாண்டுகள் ஆற்றில் நீந்தப் பழகிய பிள்ளையை மேட்டில் ஏற்றி ஓடச் சொன்னது போலாயிற்று.

மூன்றாவது, முறையான பள்ளித் துறையின் அன்றாட நடைமுறையில் திட்டம் ஆழ வேர்விடவில்லை. ஆசிரியர்களுக்குக் கோடை முகாம்களும் மாதக் கூட்டங்களும் நடந்தன. அவர்களிலிருந்தே சிறந்த பயிற்சியாளர்கள் உருவாயினர். அது பெருஞ்சாதனை. எனினும் பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால், உடைந்த கருவிக்கு மாற்று வராமல் போனால், வகுப்பு மீண்டும் வாசிப்புக்கே திரும்பிவிடும். சோதனைக்குழாயும் மின்கலனும் தீர்ந்துபோகும் பொருள்கள். அவற்றை ஆண்டுதோறும் நிரப்பாத எந்தத் திட்டமும் காகிதத் திட்டமே.

நிறுத்தியது சரியா?

நிறுத்தப்பட்டபோது திட்டம் 15 மாவட்டங்களில் ஆயிரம் பள்ளிகள் அளவுக்குப் பரவியிருந்தது. இம்மாவட்டத்து மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பது எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. இவ்வாதத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு பெரிதும் நினைவாற்றலை அளப்பது. திட்டம் வளர்க்க முயன்றதோ ஆராயும் திறன். வெப்பநிலையை அளக்கத் தராசைப் பயன்படுத்தினால் கிடைக்கும் எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வருவது? ஆகவே அக்காரணத்துக்காக நிறுத்தியது அறிவியல் முறைப்படி நிற்காது.

ஆனால் மறுபுறமும் ஒரு கேள்வி உண்டு. வெப்பமானி எங்கே? தம் பிள்ளைகள் எதைக் கற்றார்கள், மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு எது வராது, எது வரும் என்பதை எளிய சோதனைகளால் அளந்து, ஊர் ஊராகப் பெற்றோருக்குக் காட்டியிருக்க வேண்டும். மதிப்பெண்ணை மட்டுமே நம்பியிருக்கும் ஏழைப் பெற்றோர், விளங்காத ஒன்றுக்காகப் போராடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. கருவிகள் வாங்கித் தரவும் ஆளுண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உள்ள ஒரே ஆய்வுக்கூடம் அதன் பள்ளிதான். அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டால் இழப்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டிலும் கற்பித்தல் முறையை மாற்றும் பெருமுயற்சி நடந்ததுண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி அட்டை முறையைத் தழுவியது. 2007–08இல் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. பிள்ளைகள் பாயில் அமர்ந்து தத்தம் வேகத்தில் அட்டைகளைக் கற்றனர். ஹோஷங்காபாத் மெல்ல நடந்தது. நாம் விரைந்து ஓடினோம். மெல்ல நடந்ததில் ஆசிரியர் உடன் வந்தார். ஆனால் அரசு உடன் வரவில்லை. விரைந்து ஓடியதில் அரசு முன்னே சென்றது. ஆசிரியர்கள் பலர் மூச்சிரைத்துப் பின்னே வந்தனர். இரண்டையும் இணைக்கும் நடையே இனி வேண்டியது.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. அந்த வாய்ப்பை மெய்யாகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடியும். இதற்கு மூன்று சிறு மாற்றங்களைச் சொல்லலாம். செய்முறைத் தேர்வில் மாணவர் முன்பு செய்து பாராத ஒரு சிறு சோதனையாவது இடம்பெற வேண்டும். விடைக்கு அன்றி, அளந்த முறைக்கும் பிழையை விளக்கியதற்கும் மதிப்பெண் தர வேண்டும். ஆறாம் வகுப்பு முதலே எழுத்துத் தேர்வின் ஒரு பகுதியைப் புத்தகத்தைப் பார்த்து எழுத விட வேண்டும். ஆசிரியர்களின் பயிற்சிக் கூட்டங்களில் சொற்பொழிவைக் குறைத்து, அடுத்த மாதப் பாடத்தின் சோதனைகளை அவர்களே செய்து பார்க்கச் செய்ய வேண்டும்; தீர்ந்துபோகும் பொருள்களை வாங்கத் தலைமையாசிரியர் கையில் சிறு தொகை இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஹோஷங்காபாத் திட்டம் நின்றுபோனாலும், கிராமத்து அரசுப் பள்ளியில் கூரையின்கீழ்த் தரையில் அமர்ந்து அறிவியலைச் செய்து கற்க முடியும் என்று முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியது. முடியுமா என்ற ஐயத்துக்கு இனி இடமில்லை. எஞ்சியிருப்பது, அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் எழுத அமர்வோரின் பொறுப்பு.