திருப்புமுனையில் நின்ற சோனகன்: நமது வரலாற்று எழுத்தில் 1818

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு குறித்து நம்மவர்கள் எழுதியுள்ள கட்டுரைகளில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒன்று, போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரை 1626இல் செனரத் மன்னன் கிழக்கில் குடியேற்றியது. மற்றது, மரப்பொந்தில் ஒளிந்திருந்த இரண்டாம் இராஜசிங்கனைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் பங்கரகம்மனப் பெண்ணின் கதை. இவற்றைச் சொல்லி முடித்ததும் பேனா நேராக 1915ஆம் ஆண்டுக் கலவரத்திற்குத் தாவிவிடுகிறது. இடையில் ஆங்கிலேயருக்கெதிராக மூண்ட 1817-18 ஊவா-வெல்லஸ்ஸ எழுச்சி பற்றி ஒரு பந்தியேனும் எழுத நமக்கு மனம் வருவதில்லை. காரணம் வெளிப்படையானது. அதன் முதல் திருப்பத்திலேயே ஒரு சோனகர் நிற்கிறார்.

1815 மார்ச் 2ஆந் திகதி ஒப்பந்தத்தின் மூலம் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னர் அவர்கள் வெல்லஸ்ஸச் சோனகர்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்து, ஹாஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாக நியமித்தனர். தலைவர்கள் இதைத் தம் உரிமையில் விழுந்த அடியாகக் கொண்டனர். 1817 ஒக்டோபரில், அரசுரிமை கோரிக் காட்டில் தோன்றிய ஒருவனைப் பற்றி விசாரிக்கச் சென்ற ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். அடக்குவதற்காக அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, நவம்பரில் கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டார். நாடு பற்றியெரிந்தது.

போர் திரும்பியது எங்கே? இந்தியாவிலிருந்து வந்திறங்கிய படைகள், எரிக்கப்பட்ட ஊர்கள், பாழாக்கப்பட்ட வயல்கள், அரசுரிமை கோரியவன் போலியென அம்பலமானது, புனித தந்தம் ஆங்கிலேயரிடம் சிக்கியது என்று பலவற்றைக் கூறலாம். தந்தம் கைப்பற்றப்பட்டதை மக்கள் ஆட்சியுரிமையே கைமாறியதாகக் கருதினர் என்பதை, 1821இல் வெளியான தமது நூலில் இராணுவ வைத்தியர் ஜோன் டேவி பதிந்திருக்கிறார். சுதேசிகளின் உயிரிழப்பு ஒருவேளை பத்தாயிரமாக இருக்கலாம் என மதிப்பிட்டவரும் அவரே. 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்பட்ட கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றவர் இன்னொரு இராணுவ வைத்தியரான ஹென்றி மார்ஷல்; கெப்பெட்டிபொலவைப் பற்றி அனுதாபத்துடன் எழுதியவரும் அவரேதான். ஒரே கை அனுதாபத்தையும் எழுதியது, தலையையும் எடுத்துச் சென்றது. காலனித்துவ ஆவணங்களை வாசிக்கும்போது இதை மறந்துவிடலாகாது.

வண்ணாத்திவில்லிலிருந்து எழுதும் எனக்கு வேறொரு திருப்புமுனையே பெரிதாகத் தெரிகிறது. அது 1766. அவ்வாண்டு ஒப்பந்தத்தின்படி கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தான். புத்தளம் துறையும் போயிற்று. புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பு அள்ளிக்கொள்ளும் சலுகை மட்டுமே எஞ்சியது. கடலை இழந்த அரசு உப்புக்கும் வெடிமருந்துக்கும் பிறர் தயவை எதிர்பார்க்கும் அரசாகும். 1818இல் கிளர்ச்சிக்காரருக்கு ஒரு துறைமுகமும் இல்லை. ஆங்கிலேயருக்கோ எல்லாத் துறைமுகங்களும் இருந்தன.

கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கும், அங்கிருந்து பாக்கைக் கரைக்கும் தவளமாடுகளில் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் சோனகர்கள். மன்னனின் மடிகே இலாகாவில் அது அவர்களுக்கு ஊழியக் கடமையாகவும் இருந்தது. அந்தச் சுமையில் மனக்குறை இருந்திருக்காதா? இருந்த மனக்குறையை அந்நியன் பயன்படுத்திக்கொண்டான். இதை இப்படியே எழுதினால் வெட்கப்படவும் வேண்டியதில்லை, வாதாடவும் வேண்டியதில்லை.

ஆனால் நமது எழுத்து விசுவாசச் சான்றிதழ் தேடுகிறது. அதுதான் அதன் பலவீனம். பங்கரகம்மனப் பெண் நமக்குச் சான்றிதழ். ஹாஜி மரிக்கார் நமக்குச் சங்கடம். இருவரையும் நிறுக்கும் தராசு யாருடையது? 1818 ஜனவரியில் ஆளுநர் பிரவுன்றிக் கிளர்ச்சித் தலைவர்கள் 19 பேரைத் துரோகிகளாகப் பிரகடனம் செய்தார். 2016இல் இலங்கை அரசு அப்பிரகடனத்தை இரத்துச் செய்து அவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தது. நியாயமான காரியம். என்றாலும் பட்டியல் தலைகீழானதே தவிர, தியாகி, துரோகி என்ற இரு தட்டுகள் அப்படியே இருக்கின்றன. இன்று நம்மை நிறுக்க வருகிறவர்களும் அதே தராசையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாமோ நமது தட்டில் இன்னொரு கதையைப் போட ஓடுகிறோம்.

நமது எழுத்தாளர்களிடம் நான் வேண்டுவது புகழாரமல்ல. வெல்லஸ்ஸவில் மாடோட்டிய ஒரு சோனகனை எழுதுங்கள். திசாவைக்கும் துரைக்கும் இடையில் அகப்பட்டவனை, ஹாஜியின் பதவியால் தனக்கு என்ன வந்தது என்று யோசித்தவனை, வயல் எரிந்தபோது சிங்கள அயலவனோடு சேர்ந்து பட்டினி கிடந்தவனை எழுதுங்கள். ஆவணம் மௌனமாயிருக்கும் இடத்தில் படைப்பிலக்கியம் பேசலாம். நமது பிள்ளை வகுப்பறையில் 1818 பற்றிக் கேட்கப்படும்போது, மரப்பொந்துக் கதை மட்டும் அதற்குக் கைகொடுக்காது.