முருங்கை உருவும் விரல்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு முருங்கை நிற்கும். அந்தக் கீரையை அத்தை ஆய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பால்மரம் சீவிப் பழகிய விரல்கள் அவை. ஈர்க்கைப் பிடித்து ஒரே இழுப்பு. இலைகள் மழைத்தூறல் மாதிரி முறத்தில் உதிரும், ஈர்க்கு மட்டும் கையில் நிற்கும். முந்தின இரவே துணியில் சுற்றி வைத்தால் பாதி இலை தானாகக் கொட்டிவிடும். நேரம் இருக்கும் நாளில் அத்தை அப்படிச் செய்வதில்லை. பழுத்த இலையை விரல்நுனியே கண்டுபிடித்து ஒதுக்குகிறது.

மத்தியதரைக் கடல் ஊர்களில் ஆலிவைக் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். நல்ல ஆலிவ் எண்ணெயில் தொண்டையைக் கமறச் செய்யும் பாலிபீனால்கள், ரத்தத்துக் கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க உதவுகின்றன. தமனிக்கு அது நல்லது. அதே பாலிபீனால் பெருங்குடும்பத்துக் குவர்செட்டின் இந்த முருங்கை இலையிலும் உண்டு. மருந்து என்று சொல்ல மாட்டேன், சோற்றுக்குத் துணை. சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் வதங்கிய சட்டியில் கீரை ‘சுர்’ரென்று விழுகிறது. தேங்காய்ப்பூ தூவி இறக்கிய அத்தை, ஈர்க்குகளை எறியாமல் ரசத்துக்கு எடுத்து வைக்கிறார்.