குளிர்காலத்துக்குச் சேர்த்த சொற்கள்

இலையுதிர்காலத்தில் மழலையர்க்குக் காட்டத்தக்க படநூல்களுள் லியோ லியோனியின் 'ஃபிரெடெரிக்' தனியிடம் பெறுகிறது. 1967இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்நூல், மறு ஆண்டே கால்டெகாட் சிறப்பு மதிப்பைப் பெற்றது.

பழைய கற்சுவரில் வாழும் ஐந்து வயலெலிகளுள் நான்கு, தானியமும் கொட்டைகளும் வைக்கோலும் சேர்க்கின்றன. ஃபிரெடெரிக் மட்டும் அமர்ந்திருக்கிறான். கேட்டால், கதிரொளியையும் வண்ணங்களையும் சொற்களையும் சேர்ப்பதாகக் கூறுகிறான். உணவு தீர்ந்து, பேச்சும் ஓய்ந்த பனிநாளில் அவன் சேமிப்பே மற்றவர்க்கு வெம்மை தருகிறது.

கிழித்தும் வெட்டியும் ஒட்டிய தாள்களால் ஆனவை இப்படங்கள். எலிகள் யாவும் ஏறக்குறைய ஒரே உருவின. பாதி மூடிய கண்களே ஃபிரெடெரிக்கை நமக்குப் பிரித்துக் காட்டுகின்றன.

ஈசாப்பின் எறும்புகள், பாடித் திரிந்த வெட்டுக்கிளிக்கு ஒரு மணியும் ஈயவில்லை. இங்கோ எலிகள் கடிந்துகொள்கின்றனவேயன்றி அவனை விலக்கவில்லை. நூலின் உயர்வு இதுவே என்போம்.

எனினும் ஒரு குறை. கைதட்டல் கவிஞனுக்கே கிடைக்கிறது. சுமந்தோர்க்கு நன்றி கூற அவன் சேர்த்த சொற்களுள் ஒன்றும் இல்லை. சொல் குளிரைப் போக்கலாம், பசியைப் போக்குமா? "அப்புறம் என்ன சாப்பிட்டன?" என்று குழந்தை கேட்டால், நூல் மௌனம் சாதிக்கிறது.

ஆதலின் படித்துக் காட்டும் நாம் இறுதிப் பக்கத்தோடு நூலை மூடிவிட வேண்டா. முன்பக்கங்களுக்குத் திரும்பி, தானியம் சேர்த்த நால்வரையும் குழந்தையின் விரலால் ஒருமுறை எண்ணச் செய்வோமாக.